கண்டல் காட்டுக் கைவண்ணம்

பிச்சாவரத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மேலேயே பார்க்கிறார்கள். சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் போய், துறையில் துடுப்புப் படகு ஏறி, அகன்ற நீர்ப்பரப்பைத் தாண்டிக் குறுகிய வாய்க்காலுக்குள் நுழைந்ததும் இரு கரை மரங்களும் தலைக்கு மேல் கிளை கோத்துக்கொள்கின்றன. பச்சை நிழலுக்குள் படகு சத்தமில்லாமல் நழுவுகிறது. 1975-ல் வந்த 'இதயக்கனி' நாளிலிருந்து சினிமாக்காரர்களும் இந்தப் பந்தலைத்தான் மாற்றி மாற்றிப் படம் பிடிக்கிறார்கள். அழகுதான், யார் இல்லை என்றது? ஆனாலும் இந்தக் காட்டின் தலைசிறந்த அழகு அடிவாரத்தில், தண்ணீரும் சேறும் உரசிக்கொள்கிற அந்த ஓரடி உயரத்தில் இருக்கிறது. கண்ணைக் கொஞ்சம் அங்கே இறக்கி வையுங்கள். வங்கக் கடலில் வலை விரிக்கிறவரின் பிழைப்பும், நம் வீட்டு இறால் தொக்கின் மணமும் தொடங்குகிற இடம் அதுதான்.

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இரண்டும் கடலைத் தொடும் முகத்துவாரங்களுக்கு நடுவே, உப்பனாறும் எண்ணற்ற வாய்க்கால்களும் கூறுபோட்ட சின்னச் சின்னத் திட்டுகளாக விரிந்து கிடக்கிறது பிச்சாவரம். 2022-ல் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக இதை அறிவித்தபோது கணக்கில் வந்த பரப்பு சுமார் 1,478 ஹெக்டேர். சுந்தரவனத்துக்கு முன்னால் இது ஒரு மூலைக்குக் காணாது. ஓதமும் இங்கே பெரிதாக ஆர்ப்பரிப்பதில்லை; கடல் ஏறுவதும் வற்றுவதும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் அடங்கிவிடுகிறது. அந்த ஒரு மீட்டருக்குள் இத்தனை வேலைப்பாடா என்பது எனக்கு இன்னும் அலுக்காத வியப்பு.

முதலில் சுரபுன்னையின் வேர். வாய்க்காலின் இரு விளிம்பிலும் கால் ஊன்றி நிற்பது இந்த மரம்தான். அடிமரத்திலிருந்து ஒரு வேர் வெளியே கிளம்பும். நேராகச் சேற்றுக்குள் பாயாது. அரைவட்டமாக வளைந்து, காற்றிலேயே கொஞ்ச தூரம் நடந்து, அப்புறம் நிதானமாக இறங்கும். அந்த வளைவின் முதுகிலிருந்து இன்னொரு வேர் பிறந்து, அதன் பங்குக்கு ஒரு வளைவு போடும். வளைவுக்குள் வளைவாக, குறுக்கும் நெடுக்குமாக, எந்தச் சிற்பியும் அளந்து வைக்காத ஒழுங்கில் அவை அடுக்கியிருக்கின்றன. இளகிய சேற்றில், நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும் தண்ணீரில், இவ்வளவு பெரிய மரத்தைச் சாயாமல் தாங்குவது இந்த மெல்லிய வில்வளைவுகள்தான்.

நீர் வற்றிய வேளையில் போனீர்களானால் அந்த வேர்கள் எல்லாவற்றிலும் ஒரே மட்டத்தில் ஒரு கோடு ஓடுவதைக் காணலாம். கோட்டுக்கு மேலே வெயில் பட்டுச் செம்பழுப்பேறிய பட்டை. கீழே ஈரம் காயாத கருமை. கருமைக்குள் உற்றுப் பாருங்கள். கொத்துக் கொத்தாய் ஆளிகள் வாய் மூடிக் காத்திருக்கும். கொட்டலசுகள் சுண்ணாம்புப் பொட்டுகளாய் ஒட்டியிருக்கும். அரிசி அளவு நத்தைகள் பாசியை மேய்ந்துகொண்டு, ஊர்வதே தெரியாமல் ஊரும். பட்டையில் நுண்ணிய புடைப்புகள் புள்ளி புள்ளியாய்த் தெரிகின்றனவே, அவை மரம் மூச்சு விடும் துளைகள். காற்றில்லாச் சேற்றுக்குள் புதைந்த வேர்முனைக்கு இந்தப் புள்ளிகள் வழியாகத்தான் காற்று இறங்குகிறது.

இந்த வளைவுகளுக்கு இடையிலான சந்துகளைக் கவனித்தீர்களா? ஒரு கை நுழையும். சில இடங்களில் கையும் நுழையாது. பெருமீன் துரத்தி வந்தால் வாசலிலேயே நின்றுவிட வேண்டும். விரல் நீளக் குஞ்சு மட்டும் உள்ளே போய்த் திரும்பிப் பார்க்கும். தண்ணீரின் வேகம் அங்கே தணிந்துவிடுகிறது, நிழல் விழுகிறது, தின்ன ஏதாவது இருந்துகொண்டே இருக்கிறது. கடலில் குஞ்சாகப் பிறப்பதைப் போன்ற ஆபத்தான காரியம் வேறில்லை. அப்படிப் பிறந்ததற்கு இதைவிடப் பத்திரமான பிள்ளைப் பருவத்தை எந்தப் பொறியாளரும் கட்டித் தந்துவிட முடியாது.

வாய்க்கால் ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கிறது வெண்கண்டல். பிச்சாவரத்தில் எண்ணிக்கையில் கூடுதல் இதுவே. அதன் இலை ஒன்றை மெல்ல நாக்கில் வைத்துப் பாருங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கரிக்கும். மழையில்லாத நாளின் பகலில் இலையைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் கரிப்பு கண்ணுக்கே தெரியும்: பச்சைத் தளத்தின் மேல் பொடிப்பொடியாய் மின்னும் உப்புப் படிகங்கள். கடல்நீரைக் குடித்து வாழ்கிற மரம், வேண்டாத உப்பை இலையிலுள்ள நுண்சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. காற்று வந்து உதறிவிட்டுப் போகும், மழை வந்து கழுவிவிட்டுப் போகும். சுரபுன்னை வேறு வழி வைத்திருக்கிறது. உப்பின் பெரும்பகுதியை அது வேரிலேயே வடிகட்டி நிறுத்திவிட்டு, நல்ல நீரை மட்டும் மேலே அனுப்புகிறது. ஒரே சேற்றில் அருகருகே நிற்கிற இரண்டு மரங்கள் ஒரே சிக்கலுக்கு இரண்டு விடை கண்டிருக்கின்றன. எந்த விடை மேல் என்று கேட்காதீர்கள். இரண்டும் பல லட்சம் ஆண்டுகளாகச் சரியாகத்தான் இருக்கின்றன.

எல்லா இலையையும் நக்கக் கிளம்பிவிட வேண்டாம். தில்லை மரமும் இங்கேதான் நிற்கிறது. சிதம்பரத்துக்குத் தன் பெயரைக் கொடுத்த அதே தில்லை. கிள்ளினால் வடியும் வெண்பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். உதிரும் பருவத்தில் அதன் இலைகள் செம்பொன்னாய்ச் சிவந்து நிற்கும் கோலத்தைத் தள்ளி நின்றே ரசிக்கலாம்.

மீண்டும் வெண்கண்டலுக்கு வருவோம். அதன் அடியில் சேற்றிலிருந்து விரல் பருமனில், விரல் உயரத்தில், ஆயிரக்கணக்கான குச்சிகள் வானத்தைப் பார்த்து முளைத்து நிற்கும். முதன்முறை பார்க்கிறவர்கள் வெட்டிய நாற்றின் தாள் என்று நினைப்பதுண்டு. அவை மூச்சுவேர்கள். சேற்றுக்கு அடியில் படுத்து ஓடும் வேர்கள், இடைவெளி விட்டு இடைவெளி விட்டு, மேலே தலை நீட்டிக் காற்று வாங்குகின்றன. தண்ணீர் ஏறும்போது மூழ்கி, வற்றும்போது நிமிர்ந்து, ஓயாத ஒரு மூச்சுப் பயிற்சி. ஆற்று நீர் கொண்டுவரும் வண்டல் இந்தக் குச்சிகளுக்கிடையில் வேகமிழந்து படிகிறது. கால் வைத்தால் நொறுங்கிப்போகும் மென்மை அவற்றுக்கு. அதனால்தான் உள்ளூர்க்காரர்கள் இந்தக் காட்டுக்குள் நடக்கும்போது பாதத்தை வைக்கிற விதமே தனி: முதலில் விரல் நுனி, பிறகு தயங்கித் தயங்கிக் குதிகால்.

இனி, இந்தக் காட்டில் என்னை அதிகம் மயக்குகிற ஒன்று: சுரபுன்னையின் பிள்ளைப்பேறு. மற்ற மரங்கள் விதையை உதிர்த்துவிட்டு மண்ணை நம்பும். உப்புச் சேற்றையும் ஓடும் தண்ணீரையும் நம்பி விதையை விட சுரபுன்னைக்கு மனம் வருவதில்லை. காய் கிளையில் இருக்கும்போதே விதை உள்ளுக்குள் முளைத்துவிடுகிறது. முளை காயைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து, தாயின் உடம்பிலிருந்தே உணவு வாங்கி, மாதக்கணக்கில் தொங்கித் தொங்கி வளர்கிறது. ஓரடிக்கு மேல் நீண்டு, பச்சையாய், இலேசாய் வளைந்து, கொத்தாய்த் தொங்கும்போது முருங்கைக்காய் காய்த்திருப்பதாகவே தோன்றும். கிட்டே போய்ப் பாருங்கள். மேலே மெலிந்து தொடங்கி, கீழே வரவரக் கனத்து, நுனியில் கூர்ந்து முடியும் அந்த வடிவத்தில் ஒரு கோடுகூட வீணாக இல்லை. முற்றியதும் காய்க்கும் முளைக்கும் நடுவில் ஒரு வளையம் வெளிப்படும். புறப்பட வேளை வந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். நாற்று எடுக்கிறவர்கள் அந்த வளையத்தைப் பார்த்துத்தான் கை வைப்பார்கள்.

விழும் நேரத்தில் தண்ணீர் வற்றியிருந்தால் கூர்நுனி சேற்றில் குத்தி நின்றாலும் நிற்கும். ஏறியிருந்தால் பயணம். முதலில் மல்லாந்து மிதக்கும். நாட்பட நாட்பட அடிப்பக்கம் கனத்து, தண்ணீருக்குள் மெல்ல நிமிர்ந்து, நின்ற வாக்கிலேயே மிதக்கத் தொடங்கும். ஆழம் குறைந்த இடத்தில் நுனி தரையைத் தொட்டதும் வேர் விடும். பெற்றவள் காலடியிலும் பிழைக்கும், பல மைல் தள்ளியும் பிழைக்கும். வெண்கண்டலின் விதை இத்தனை ஆடம்பரம் காட்டாது. தட்டையான சின்னக் காய் தண்ணீரில் விழுந்ததும் மேல்தோலைக் கழற்றிப் போட்டுவிட்டு, மடித்து வைத்த இரண்டு பச்சை இதழ்களோடு மிதந்து போகும். அதுவும் அழகுதான். என் மனம் மட்டும் அந்த நீளப் பிள்ளையிடமே போய் நிற்கிறது.

பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. காட்டிலிருந்து கூப்பிடு தூரம். அங்குள்ள ஆய்வாளர்கள் இரண்டு வகைச் சுரபுன்னைகள் கலந்து பிறந்த ஒரு மரத்தைப் பிச்சாவரத்தில் கண்டறிந்து, தொண்ணூறுகளில் உலகுக்கு அறிவித்தார்கள். பல்கலைக்கழகத்தின் நினைவாக அதற்கு 'ரைசோஃபோரா அண்ணாமலையானா' என்று பெயர். தாவரவியல் ஏடுகளில் நம் ஊர்ப் பெயர் இத்தனை இனிமையாய் உட்கார்ந்திருப்பது அபூர்வம்.

மஞ்சளாய்ப் பழுத்த ஓர் இலை வாய்க்காலில் விழுகிறது. படகில் இருப்பவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. கடலின் சாப்பாட்டுப் பந்தி அந்த இலையில்தான் விரிகிறது. விழுந்த சூட்டில் அதைத் தின்ன அதிகம் பேர் வரமாட்டார்கள். துவர்ப்பு ஏறிய இலை. சில நாள் ஊறியதும் துவர்ப்பு தண்ணீரில் இறங்கிவிடும். பூஞ்சையும் பாக்டீரியாவும் அதன் மேல் குடியேறி, மெல்லிய வழவழப்பாய்ப் படர்ந்து, நார் நாராய்ப் பிரிக்கும். அந்தக் குடியேற்றமே இலையின் சத்தைக் கூட்டுகிறது. பழுத்து விழுந்தபோது இருந்ததைவிடச் சேற்றில் மக்கும்போது அதில் புரதம் அதிகம். சேற்று நண்டுகள் சில இலைகளைக் கொடுக்கால் பற்றி வளைக்குள் இழுத்துப் போகும். அவை தின்று கழித்ததும் உணவு, தின்னாமல் விட்டதும் உணவு. கடைசியில் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாகிக் கலங்கி நிற்கும் அந்தப் பழுப்புத் தண்ணீரைப் பார்த்து 'அழுக்கு' என்று முகம் சுளிக்கிறவர்களை எனக்குத் தெரியும். இறால் குஞ்சுக்கு அது பால்சோறு.

நண்டு வளை என்றதும் அந்தச் சின்ன நண்டைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. வற்றிய சேற்றுக் கரையில், ஒரு கொடுக்கு மட்டும் உடம்பின் அளவுக்குப் பெருத்த ஆண் நண்டுகள் வரிசையாய் நின்று அதை மேலும் கீழும் ஆட்டிப் பெண்ணை அழைக்கும். படகு நிழல் பட்டதும் அத்தனையும் ஒரே நொடியில் வளைக்குள் மறையும். சற்றுப் பொறுத்தால் ஒவ்வொன்றாய் எட்டிப் பார்க்கும். இந்த வளைகள் வழியாகத்தான் சேற்றுக்குள் காற்றும் தண்ணீரும் போய்வருகின்றன. மரத்தின் வேருக்கு அது பெரும் உபகாரம்.

வெள்ளை இறாலின் வாழ்க்கையை நினைக்க நினைக்க எனக்குத் திகட்டாது. தாய் இறால் கடலில் முட்டையிடுகிறது, லட்சக்கணக்கில். ஒரு நாளுக்குள் பொரித்துவிடும். வெளிவரும் உயிர் இறால் மாதிரியே இராது. திரும்பத் திரும்பத் தோலுரித்து, ஒவ்வொரு தடவையும் வேறொரு உருவெடுத்து, ஏறத்தாழ இரண்டு வாரத்தில் இறாலின் சாயலுக்கு வரும். அப்போதும் நீளம் ஒரு சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். உடம்பு வழியே மறுபக்கம் தெரியும். இரண்டு கரும்புள்ளியாய்க் கண் மட்டும். இந்தத் துளி உயிர் கடலிலிருந்து காட்டுக்கு வந்து சேர வேண்டும். நீந்தியா? அதற்குத் தெம்பு ஏது! ஓதம் ஏறும்போது மேலே எழும்பி நீரோட்டத்தில் ஏறிக்கொள்கிறது. வற்றும்போது அடியில் இறங்கித் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. இராப்பொழுதில்தான் இந்தப் பயணம் அதிகம். ஏற்றம் தூக்கிவந்த தூரத்தை வற்றம் பறித்துக்கொண்டு போகாதபடி ஒவ்வொரு ஓதத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாய் உள்ளே நகர்ந்து, சின்னவாய்க்கால் முகத்துவாரம் தாண்டி, உப்பு தணிந்த நீரை எட்டி, கடைசியில் சுரபுன்னை வேரிடுக்கில் வந்து அமர்கிறது.

அங்கே அதற்குச் சில மாதங்கள். தின்று, ஒளிந்து, தோல் மாற்றி, விரலளவு ஆனதும் கடல் நினைவு வரும். வற்றும் ஓதத்தோடு கிளம்பிவிடும். அமாவாசையும் பௌர்ணமியும் ஒட்டிய நாட்களில் கூட்டம் கூட்டமாக. பெருகி வரும் அந்தக் கூட்டத்துக்காகவே முகத்துவாரத்தில் வலை கட்டுகிறவர்கள் பஞ்சாங்கத்தைத் தலைகீழாக அறிந்திருப்பார்கள். தப்பிப் போனவை கடலில் பெருத்து, இனம் பெருக்கி, இழுவலையில் அகப்பட்டு, ஏற்றுமதிப் பெட்டியில் பனிக்கட்டிக்கு நடுவே அடுக்கப்படும். பெட்டியின் மேல் துறைமுகத்தின் பெயர் இருக்கும். வளர்த்த காட்டின் பெயர் இருக்காது.

இறால் மட்டுமா? கொடுவா குஞ்சுகள் இந்த வாய்க்கால்களில் வேட்டை பழகுகின்றன. முதலில் ஆணாகப் பருவமடைந்து, சில ஆண்டு கழித்துப் பெண்ணாக மாறும் விசித்திர மீன் அது. மடவைக் கூட்டம் சேற்றை மொய்த்துச் சுத்தமாய் மேயும். களி நண்டு இணை சேர்ந்தபின் பெண் நண்டு மட்டும் முட்டையிடக் கடலுக்குப் போகும். குஞ்சுகள் திரும்பி வரும். கெளுத்தி, கிழங்கான், மட்டி என்று பட்டியல் நீளும். கிள்ளை சந்தையில் ஒரு காலைப் பொழுது நின்றால் தானே தெரிந்துவிடும்.

மீன் பிடிப்பதிலும் இந்தக் காடு தனக்கென்று ஒரு நயத்தை வளர்த்திருக்கிறது. கிள்ளைப் பக்கத்து இருளர்கள் வலையில்லாமல் இறால் பிடிப்பதைப் பார்த்தால், பார்த்த இடத்திலேயே நின்றுவிடுவீர்கள். நீர் வற்றத் தொடங்கியதும் பெண்களும் ஆண்களும் வாய்க்காலில் இறங்குவார்கள். மார்பளவு, சில இடத்தில் கழுத்தளவு. பனையோலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பார்கள். இரண்டு கைக்கும் தண்ணீருக்கடியில் வேலை இருக்கிறதே. விரல்களை விரித்து, சேற்றுத் தரையைத் தடவிக்கொண்டே முன்னேறுவார்கள். கலங்கிய நீரில் கண்ணால் பயனில்லை. எல்லாம் விரல் நுனி சொல்வதுதான். ஏதோ ஒன்று துள்ளும் அசைவு. அடுத்த கணம் உள்ளங்கை அதைச் சேற்றோடு அழுத்தும். கை மேலே வரும்போது மீசை ஆட்டிக்கொண்டு ஓர் இறால். பறிக்குள் போடும்போதும் பல் விடாது, முகம் திரும்பாது, மறு கை தேடலை நிறுத்தாது. பொடிக் குஞ்சு அகப்பட்டால் விரல் தானாகத் தளர்ந்து விட்டுவிடும். காட்டையும் கெடுக்காமல் வயிற்றையும் காயவிடாமல் பிழைக்கிற வித்தைக்கு இதைவிட நுட்பமான உதாரணம் நான் கண்டதில்லை.

இவ்வளவு நேர்த்தியான காட்டை நாம் ஒரு காலத்தில் விறகுக்காக வெட்டினோம். வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கி எழுபதுகள் வரைக்கும் கூப்பு கூப்பாகப் பிரித்து மொட்டையடித்தார்கள். வெட்டிய இடம் தானே துளிர்த்துவிடும் என்று கணக்கு. துளிர்க்கவில்லை. நிழல் போனதும் வெயில் நேரே சேற்றில் விழுந்தது. ஈரம் வற்றி மண் அமுங்கி, நிலம் நடுவில் தொட்டியாய்க் குழிந்தது. பெரிய ஓதத்தில் உள்ளே ஏறிய கடல்நீர் வெளியே வழியில்லாமல் தேங்கி, வெயிலில் சுண்டி, உப்பு மேல் உப்பாய்ச் சேர்ந்தது. அந்த உப்பில் உமரி முளைக்கும், வெண்கண்டல்கூட முளைக்காது. ஆடு மாடு மேய்ந்ததாலும் ஏழைகள் விறகு பொறுக்கியதாலும் காடு அழிந்தது என்று நெடுநாள் பழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது இன்றும் உறுத்துகிறது.

நோய் தெரிந்தபின் செய்த வைத்தியம் அழகானது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களும் தொண்ணூறுகளில் சேர்ந்து தொட்டியாய்க் குழிந்த நிலங்களில் வாய்க்கால் வெட்டினார்கள். இயற்கை ஓடையிலிருந்து சாய்வாக ஒரு தாய் வாய்க்கால். அதன் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலேயிருந்து பார்த்தால் அச்சாய் ஒரு மீன்முள். வாய்க்காலின் குறுக்குவெட்டும் யோசித்துச் செய்ததுதான்: மேலே அகன்று, கீழே குறுகி, இரு பக்கமும் சரிவு. சரிவின் நடு மட்டத்தில் கன்று நடுவார்கள். அடிமட்டத்தில் நட்டால் மூழ்கும், உச்சியில் நட்டால் காயும். நடுவில் நட்டால் ஒவ்வொரு ஓதமும் வந்து காலை நனைத்துவிட்டுப் போகும். தேங்கிய உப்பு கொஞ்சம் கொஞ்சமாய் வெளியேறியது. நட்டவை பிழைத்தன, நடாதவையும் மிதந்து வந்து முளைத்தன. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2003-ல் வெளியான ஆய்வு, பதினைந்து ஆண்டில் பிச்சாவரத்தின் காட்டுப் பரப்பு சுமார் 90 சதவீதம் கூடியிருந்ததைக் காட்டியது.

முத்துப்பேட்டை மீனவர்கள் இந்த வித்தையை முன்பே கைவசம் வைத்திருந்தார்கள். அங்கே காவிரியின் கிளைகளான பாமணியாறும் கோரையாறும் கடல் சேரும் இடத்தில், தமிழ்நாட்டின் ஆகப் பெரிய அலையாத்திக் காடு. அந்த மீனவர்கள் காயலிலிருந்து காட்டுக்குள் வாய்க்கால் வெட்டி, ஆண்டுதோறும் தூர்வாரி வைப்பார்கள். ஓதத்தோடு மீன் ஏறும். வற்றும்போது வாயில் வலை கட்டிப் பிடிப்பார்கள். மீனுக்காக வெட்டிய வாய்க்காலின் கரையில் மரம் செழித்தது. மரம் செழித்த இடத்தில் மீன் பெருத்தது. எந்த உத்தரவும் இல்லாமல் நடந்த காடு வளர்ப்பு இது.

2004 டிசம்பர் 26 காலை வந்த ஆழிப்பேரலையை இங்கே யாரும் மறக்கவில்லை. காட்டுக்கு முன்னால் கடலை ஒட்டியிருந்த எம்.ஜி.ஆர். திட்டு பலரைப் பறிகொடுத்தது. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் பெருமளவு தப்பின. கடலூர் கரையை ஆராய்ந்து 2005-ல் 'சயன்ஸ்' இதழில் வந்த கட்டுரையும் மரங்கள் நின்ற இடத்தில் சேதம் குறைந்ததைப் பதிவு செய்தது. அதன் பிறகு அரசியல்வாதிகளும் வந்து கன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். படம் எடுப்பதில் குற்றமில்லை. ஓதம் ஏறாத இடத்திலும் அலை மோதும் மணலிலும் நட்ட கன்றுகள் செத்துப்போவதுதான் குற்றம். இந்தக் காட்டுக்கு நடுகிற கையைவிட, வந்துபோகிற தண்ணீர் முக்கியம்.

தண்ணீர் என்றால் கடல்நீர் மட்டுமல்ல. கொள்ளிடத்திலும் கான்சாகிப் வாய்க்காலிலும் நன்னீர் வர வேண்டும். உப்பை இளக்கி, வண்டலைச் சுமந்து வர வேண்டும். மேலே அணைகளில் காவிரி நின்றுவிடும் ஆண்டுகளில் இங்கே சேறு கரிப்பேறுகிறது. முகத்துவாரத்தில் மணல் மூடினால் ஓதம் தளர்கிறது. இறால் பண்ணைகளின் கழிவுநீர் இன்னொரு பக்கம். கீழத்தஞ்சைக் கரையில் பண்ணைகளை எதிர்த்துச் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதிக்குள் அந்தக் குளங்கள் கூடாது என்றது. பின்னர் வந்த சட்டங்கள் அதைத் தளர்த்தின. அன்று அந்தப் பண்ணைகள் வளர்த்த கரு இறாலின் தாயைக் கடலிலிருந்துதான் பிடித்து வந்தார்கள். காட்டை அழித்துக் குளம் வெட்டி, காடு வளர்த்த இறாலின் பிள்ளையை அதில் விட்டு வளர்ப்பதை வியாபாரம் என்று சொல்லலாம். எனக்கு வேறு பெயர் தோன்றுகிறது.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை விதிக்கிறோம், மீன் பெருகட்டும் என்று. நல்ல ஏற்பாடு. அதே அக்கறையோடு, குஞ்சு வளரும் இந்த வாய்க்கால்களை ஆண்டு முழுவதும் திறந்து வைக்கவும் தூர்வாரவும் பணம் ஒதுக்க வேண்டும். கரையோர மக்களைக் கேட்டு, அவர்கள் கையாலேயே அது நடக்க வேண்டும்.

நீங்கள் பிச்சாவரம் போகும்போது மோட்டார் படகைத் தவிர்த்துவிட்டுத் துடுப்புப் படகில் ஏறுங்கள்; குறுகிய வாய்க்காலுக்குள் அதுதான் போகும். தண்ணீர் எந்நேரம் வற்றும் என்று துறையில் விசாரித்து அந்த வேளைக்குப் போங்கள். பிளாஸ்டிக் பையும் தண்ணீர் பாட்டிலும் கரையிலேயே இருக்கட்டும். ஒரு வாய்க்கால் நடுவில் படகை நிறுத்தச் சொல்லி, பத்து நிமிடம் வேர்களை மட்டும் பாருங்கள். சரிந்த கரையில் மரங்கள் ஒரே மட்டத்தில் வரிசை பிடித்து நிற்கும் இடம் கண்ணில் பட்டால், அது பக்கத்து ஊர்க்காரர்கள் வெட்டிய வாய்க்கால், அவர்கள் நட்ட கன்று. படகோட்டியைக் கேட்டால் விவரம் சொல்வார்; அவர்களில் சிலர் அங்கே மண்வெட்டி பிடித்தவர்களாகவும் இருப்பார்கள்.